சீல் போட்டுக் கொடுங்க மேடம்!

மனு எழுதுவதில் நம் ஆபீஸ் ஆசாமிகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சீலிங் ஃபேன் 'கிறீச்' என்கிறதா? 'பொருள்: மேற்கூரை மின்விசிறி ஒலி எழுப்புதல் – தொடர்பாக' என்று ஒன்றரைப் பக்கம். டி.ஏ. பில்லில் நூற்று நாற்பது ரூபாயை ஆடிட்டில் வெட்டிவிட்டார்களா? மேல்முறையீடு, அதற்கு ஒரு ரிமைண்டர், ரிமைண்டருக்கு ஒரு ரிமைண்டர். ஒவ்வொன்றுக்கும் இன்வர்ட் சீல், தேதி, சுருக்கொப்பம். பணம் வருகிறதோ இல்லையோ, ஃபைல் புஷ்டியாகிக்கொண்டே போகும்.

இதே சிங்கம், பெற்ற பிள்ளைக்காகப் பள்ளிக்கூடம் போகும்போது பார்க்க வேண்டுமே! வாட்ச்மேனிடமே குரல் கம்மிவிடும். பிரின்சிபால் ரூமுக்கு வெளியே பெஞ்ச் நுனியில் உட்கார்ந்து, செல்போனை சைலன்ட்டில் போட்டு, காலரை இழுத்துவிட்டுக்கொண்டு... நாற்பது வயதில் மறுபடியும் ஆறாம் கிளாஸ். உள்ளே போனதும் மொத்தம் மூன்றே வசனம்தான். 'சொல்லுங்க மேடம்', 'சரிங்க மேடம்', 'பார்த்துக்கறோம் மேடம்.' ரோட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "நல்லா டோஸ் விட்டுட்டு வந்தேன்!"

எந்தச் சிக்கலும் இல்லாத பிள்ளைக்கே இந்த லட்சணம். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை, காது சரியாகக் கேட்காத பிள்ளை, ஓர் இடத்தில் அஞ்சு நிமிஷம் உட்கார முடியாத பிள்ளை... இவர்களைப் பெற்றவர்கள் ஸ்கூலுக்குக் கடன் கேட்கப் போகிற மாதிரிதான் போகிறார்கள். கடன்கூட இல்லை, கைமாத்து. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

*

என் பக்கத்து சீட்டு நண்பருக்கு எட்டு வயதில் ஒரு பையன். மூன்றாம் வகுப்பு. படு சூட்டிகை. சென்னை பஸ் ரூட் அத்தனையும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போக வேண்டுமா? "29சி அங்கிள்" என்பான், யோசிக்காமல். ஒரு சினிமா பார்த்தால், இன்டர்வெல் எந்த இடத்தில் விட்டார்கள் என்பது உள்பட முழுக் கதையும் சொல்வான். நோட்டைத் திறந்தால்தான் விவகாரம்.

நம் தமிழில் 'கொ' என்ற எழுத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். கொம்பு முன்னால், 'க' நடுவில், கால் பின்னால். வாய் சொல்கிற வரிசை ஒன்று, கை எழுதுகிற வரிசை வேறு. நமக்கு எப்போதோ பழகிவிட்டது, அதனால் தெரிவதில்லை. அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு. 'கொக்கு' எழுதச் சொன்னால், ஒருநாள் கொம்பு பறந்துபோய் 'காக்கு' நிற்கும். மறுநாள் கொம்பும் காலும் பத்திரமாக இருக்கும், நடுவில் 'க' ஆப்சென்ட். இங்கிலீஷ் என்றால் பி-யும் டி-யும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும்.

டைரியில் சிவப்பு மையில் 'கேர்லெஸ்' என்று வந்தது. அடுத்த வாரம் 'வெரி கேர்லெஸ்'. ஒரு டியூஷன் வைத்தார்கள். பிறகு அந்த டியூஷனுக்குத் துணையாக இன்னொரு டியூஷன். பையனுக்குத் திங்கட்கிழமைதோறும் காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் ஒன்றுமே இல்லை. டைம்டேபிளில் இருந்தது. திங்கட்கிழமை மூன்றாவது பீரியட், தமிழ் டிக்டேஷன்.

வகுப்பில் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். என்ன பெயர் என்று உங்களால் ஊகிக்க முடியும், இரண்டே எழுத்துதான். பிள்ளைகள் பட்டப்பெயர் வைப்பது உலக வழக்கம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவன் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அன்றைக்குத்தான் அவன் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

*

இந்தச் சமாசாரத்துக்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். பெயரை வைத்தவர் ஜெர்மனியின் கண் டாக்டர் ருடால்ஃப் பெர்லின். பிறகு 1896-ல், பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில டாக்டர், பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பெர்ஸிக்குக் கண் நன்றாகத் தெரியும், கணக்கு வரும், விளையாட்டில் சுறுசுறுப்பு. வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாயாலேயே நடந்தால் ஸ்கூலிலேயே இவன்தான் புத்திசாலியாக இருப்பான் என்று அவன் வாத்தியார் சொன்னதையும் டாக்டர் எழுதிவைத்தார்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தின வாத்தியாருக்குத் தெரிந்தது, நம்மூர் டைரியில் இன்னும் 'கேர்லெஸ்' என்றுதான் பதிவாகிறது.

விஷயம் இதுதான். எழுத்தையும் அதன் சத்தத்தையும் மூளை முடிச்சுப் போடுகிற வேலையில் தடங்கல். சோம்பேறித்தனமும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை, பெற்றோர் செல்லம் கொடுத்துக் கெடுத்ததும் இல்லை. இதற்கு மாத்திரை, டானிக் கிடையாது. 'வல்லாரை கொடுங்க' என்பவர்களை நமஸ்கரித்து அனுப்பிவிடலாம். சொல்லிக்கொடுக்கிற முறையை மாற்றி, நிதானமாக, எழுத்து எழுத்தாக, சத்தம் சத்தமாகப் பழக்கினால் வாசிப்பு வரும். வேகம் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

2007-ல் ஆமிர் கான் 'தாரே ஜமீன் பர்' எடுத்தார். தியேட்டரில் எல்லோரும் கர்சீப் நனைய அழுதோம். வீட்டுக்கு வந்து, "ஏண்டா பி-யைத் திருப்பிப் போடறே?" என்று சொந்தப் பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தோம். 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் மொத்தம் ஏழு வகைதான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் கிடையாது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஏழு 21 ஆயிற்று, டிஸ்லெக்ஸியா, ஆட்டிசம் எல்லாம் உள்ளே வந்தன. சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. பெர்ஸியில் ஆரம்பித்து இந்திய கெஜட் வந்து சேர 120 வருஷம். நம் டி.ஏ. பில்லே தேவலை.

*

நண்பரின் மனைவி அதுவரை ஆறு தடவை ஸ்கூலுக்குப் போய் வந்திருந்தார். நண்பர் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆடிட், மார்ச் எண்டு, இன்ஸ்பெக்‌ஷன் என்று ஆறு தடவைக்கும் ஆறு காரணம். பேரன்ட்ஸ் மீட்டிங் என்ற பெயரில் நம் ஊரில் நடப்பதெல்லாம் அம்மாக்கள் மாநாடு என்பது நீங்கள் அறிந்ததே.

ஏழாவது தடவை, "நீங்களும் வாங்க. இல்லேன்னா நானும் போகல" என்று அவர் சொல்லிவிட்டார். நண்பர் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். "வாங்க சார், பத்திரிகையில எழுதறவர்னா பயப்படுவாங்க." என் எழுத்தைப் படித்து இதுவரை யாரும் பயந்ததில்லை. சிலர் அனுதாபப்பட்டிருக்கிறார்கள். இருந்தாலும் அரைநாள் லீவ் போட்டுவிட்டுப் போனேன்.

ஸ்கூல் எது என்பது இங்கே முக்கியமில்லை. உங்கள் தெருமுனையில் இருப்பது மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கோ-ஆர்டினேட்டர் மேடம் சிரித்த முகம். தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"வெரி ஸ்வீட் சைல்ட் சார். ஆனா எங்க பேஸுக்கு அவனால வர முடியல. அவனோட நல்லதுக்குத்தான் சொல்றேன்... வேற சின்ன ஸ்கூலா பாருங்களேன்."

'அவனோட நல்லதுக்கு' என்று ஆரம்பிக்கிற வாக்கியங்கள் அநேகமாக கேட்டுக்கு வெளியேதான் போய் முடிகின்றன. நண்பர் மூன்று வசனத்தில் முதலாவதை எடுத்துவிட வாயைத் திறந்தார். அதற்குள் அவர் மனைவி பேசினார். குரலை உயர்த்தவில்லை. பால் பாக்கெட் இரண்டு கொடுங்கள் என்பது மாதிரி சாதாரணமாக.

"சரிங்க மேடம். இப்ப சொன்னதையே ஒரு லெட்டரா குடுத்துடுங்க. பையனுக்குப் படிக்கறதுல கஷ்டம் இருக்கு, அதனால வேற ஸ்கூல் பார்க்கச் சொல்றோம்னு. எங்க பெரியவங்க கேட்டா காட்டணும்."

அந்த ரூமில் ஏ.சி. ஓடுகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு நிசப்தம்.

"அப்படியெல்லாம் ரைட்டிங்ல குடுக்கறது இல்ல மேடம்..."

"பரவாயில்ல மேடம். நாங்க ரைட்டிங்ல குடுக்கறோம்" என்று ஹேண்ட்பேகைத் திறந்து கவரை எடுத்தார். ஒரிஜினல் ஒன்று, காப்பி ஒன்று. புருஷனின் நூற்று நாற்பது ரூபாய்ப் போராட்டத்தில் எல்லா ரிமைண்டருக்கும் ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்தவர் அவர்தான். குரு வாய்தா கேட்டுக்கொண்டிருக்க, சிஷ்யை கேஸை ஜெயித்துவிட்டார்.

வாயால் கேட்டால் அது தயவு. 'பார்க்கலாம்' என்றால் தீர்ந்தது. தாளில் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் இருபது வருஷமாக நமக்குத் தெரிந்த இந்த ஒரு பாடத்தைப் பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏன் மறந்துபோகிறோம் என்றுதான் புரியவில்லை.

*

அந்த மனுவை நான் வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கம். அழுகை இல்லை, மிரட்டல் இல்லை. பையன் பெயர், வகுப்பு, பரிசோதனை அறிக்கையின் தேதி, ஒரு வரியில் சட்டம், பிறகு ஆறு வேண்டுகோள்.

1. கரும்பலகைக்குப் பக்கத்தில் முன் பெஞ்ச்.

2. போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதும் வேலை குறையட்டும். டீச்சர் நோட்ஸின் ஜெராக்ஸ் போதும், செலவு எங்களுடையது.

3. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம். தனியாக வாசிக்கட்டும்.

4. சயின்ஸ், சோஷியல் பேப்பரில் எழுத்துப் பிழைக்கு மார்க் வெட்ட வேண்டாம். புரியாவிட்டால் கூப்பிட்டு வாயால் கேளுங்கள்.

5. டெஸ்ட்டில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல்.

6. டெர்முக்கு ஒரு முறை டீச்சரும் நாங்களும் உட்கார்ந்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

கடைசியில், 'தங்கள் பதிலை இந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கிறோம்.' அவ்வளவுதான். ஆறில் ஒன்றுக்காவது ஸ்கூலுக்குச் செலவு உண்டா, சொல்லுங்கள். லிஃப்ட் கேட்கவில்லை, தனி ரூம் கேட்கவில்லை. ஆனாலும் இதை ஒருவர் எழுதிக் கேட்கிறவரை யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வரிச் சட்டம் என்றேனே, அது இது. 2016 சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. மெட்ரிகுலேஷன், சி.பி.எஸ்.இ., எந்த போர்டு தொங்கினாலும் சரி. பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவையான நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்பச் சொல்லித்தருவதையும் அந்தப் பிரிவு பள்ளியின் கணக்கில்தான் எழுதுகிறது. அடுத்த பிரிவு, 17, பரீட்சையைப் பற்றியும் பேசுகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாவது மூன்றாவது மொழிப்பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் அதில் இருக்கின்றன.

மேடமை வில்லியாக்கிவிட எனக்கு உத்தேசமில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. பையனின் செக்‌ஷனில் 42 பிள்ளைகள், ஒரு டீச்சர். அந்த டீச்சருக்குப் போர்ஷனை முடிக்க வேண்டும், ஆண்டு விழாவுக்கு டான்ஸ் சொல்லித்தர வேண்டும், வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பத்து மணிக்கு 'நாளைக்கு என்ன ஹோம்வொர்க்?' என்று கேட்கும் தாய்மார்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். டிஸ்லெக்ஸியா பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

இதற்கும் தீர்ப்பு இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கணக்குச் சொன்னது. 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவித்து ஆள் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவு போட்டது. நீதிமன்றமே ரிமைண்டர் அனுப்புகிறது சார். நாம் அனுப்பக் கூச்சப்படலாமா?

*

மனுவைக் கொடுத்தாயிற்று. காப்பியில் சீல்? மேடம், "ஆபீஸ் ரூம்ல கேளுங்க" என்று கைகாட்டினார். அங்கே கிளார்க் ஒருவர், ரிடையராகிற வயசு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஃபீஸ் ரசீதுக்குத்தான் சார் சீல் போடறது. லெட்டருக்கெல்லாம் வழக்கம் இல்லையே."

"சரிங்க, அப்ப ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிடறோம்" என்றார் நண்பர். கடைசியில் சிங்கத்துக்கும் கர்ஜனை வந்துவிட்டது.

கிளார்க் கண்ணாடியை இறக்கி மனுவை வாங்கினார். நிதானமாக, விரலை வைத்து, ஆறு வேண்டுகோளையும் படித்தார். நாலாவதில் விரல் நின்றது.

"எங்க அண்ணன் பையனும் இப்படித்தான் சார். வாயில உலகத்தையே சொல்லுவான், எழுத வராது. எட்டாவதோட நிறுத்திட்டோம். இப்படியெல்லாம் கேக்கலாம்னு தெரியல." டிராயரைத் திறந்தார். சீலை எடுத்து 'டொப்'பென்று வைத்தார். தேதி போட்டார். கையெழுத்தும் போட்டார். "ஒரு காப்பி எனக்குக் கிடைக்குமா? யாருக்காவது ஆகும்" என்றார்.

அன்றைக்கு அந்த ஸ்கூலில் நாங்கள் எடுத்த மூன்றாவது ஜெராக்ஸ் அது.

*

இனி, பரிசோதனை. சர்ட்டிஃபிகேட் என்ற வார்த்தையைக் கேட்டதும் வீட்டில் பூகம்பம். நண்பரின் அப்பா, "டேய், நம்ம வம்சத்துலயே இப்படி ஒருத்தன் கிடையாது. சர்ட்டிஃபிகேட் வாங்கினா நாளைக்கு இவனுக்கு யாருடா பொண்ணு குடுப்பா?" என்று கத்தினார். எட்டு வயதுப் பையனின் கல்யாணக் கவலை! "மாமா, முதல்ல பத்தாவது பாஸ் பண்ணட்டும், அப்புறம் பொண்ணு பார்க்கலாம்" என்று மருமகள் முடித்துவைத்தார்.

பயப்பட ஒன்றுமில்லை. முதலில் கண், காது டெஸ்ட். அதில் கோளாறில்லை என்றால், சைக்காலஜிஸ்ட் உட்காரவைத்து வாசிப்பு, எழுத்து, கணக்கு, பொது அறிவுத்திறன் எல்லாம் பார்ப்பார். இது தனியாரிடமும் நடக்கும். அரசு சலுகைக்குச் செல்லுபடியாகிற சான்றிதழ் மட்டும் அரசு மருத்துவமனை வழியாகத்தான். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதிலிருந்து சான்றிதழ், 14-லும் 18-லும் மறுபரிசோதனை என்று 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் சொன்னது. சென்னைக்காரர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2005-ல் ஆரம்பித்தது. ஈ.சி.ஆரில் பீச்சுக்குப் போகிற வழியில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

எச்சரிக்கை ஒன்று. 'மூணு மாசத்துல சரி பண்ணித் தர்றோம்' என்று போர்டு மாட்டினவர்களிடம் செக் கொடுப்பதற்கு முன்னால், சொல்லித்தருகிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவு எண் இருந்தால் சொல்வார். இல்லாவிட்டால் பேச்சை மாற்றுவார்.

இன்னொன்று. வகுப்பில் முன் பெஞ்ச் கொடுப்பதற்கும் எழுத்துப் பிழையை மன்னிப்பதற்கும் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பப்ளிக் பரீட்சைச் சலுகைகளுக்குத்தான் அது கட்டாயம் கேட்பார்கள். நம் மாநில போர்டில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று உண்டு. ஆனால் ஸ்கூல் மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச்சில் பரீட்சையை வைத்துக்கொண்டு பிப்ரவரியில் ஓடினால் நடக்காது. மொழி விலக்கைக் கேட்பதற்கு முன்னால் நன்றாக யோசியுங்கள். கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் விலக்கிவிட்டால், பையனுக்குப் பிடித்திருந்த ஒன்றும் சேர்ந்து போய்விடலாம்.

பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதா? அங்கே நிலைமை சில விஷயங்களில் தேவலை. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள், பிசியோதெரபி உண்டு, ஸ்கூலுக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு. ஹெட்மாஸ்டரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே, கல்வி உரிமைச் சட்டத்தில், அதில் 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் சேர்த்தி.

எழுதியும் பதில் வரவில்லையா? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கிறார். அவருக்கு மேலே மாநில ஆணையர் இருக்கிறார். புகாரை விசாரிக்க அவருக்கு 2016 சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறது. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அங்கே போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? கரெக்ட். சீல் வைத்த காப்பி.

*

கல்யாணமாகாத இளைஞர்கள் 'நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டப் பார்ப்பது தெரிகிறது. ஒரு நிமிஷம் நில்லுங்கள். உங்கள் அக்கா பையனின் ரேங்க் கார்டை வைத்துக்கொண்டு வீடே கிண்டலடிக்கும்போது அதில் நீங்களும் ஒரு குரல். உங்கள் டீமில் ஒருவர், 'பையனோட ஸ்கூல்ல வரச் சொல்றாங்க, அரைநாள் பெர்மிஷன்' என்று நிற்கும்போது, 'மறுபடியுமா?' என்கிற புருவமும் உங்களுடையதாக இருக்கலாம். ஆபீஸில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரமாதமாக ஐடியா சொல்லிவிட்டு, ஈமெயில் மட்டும் போட மாட்டேன் என்கிறானே ஒருத்தன், அவனுக்கும் ஒரு மூன்றாம் வகுப்பு இருந்திருக்கும். அங்கே அவனுக்கு யாரும் மனு எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, நண்பரின் மனு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 11 நாளில் பதில் வந்தது, லெட்டர்ஹெட்டில். வேறு ஸ்கூல் பார்க்கும் பேச்சே அதில் இல்லை. ஆறில் நாலு உடனே நடந்தது. கூடுதல் நேரத்துக்கு யார் சூபர்விஷன் பார்ப்பது என்று இழுத்து, ஒரு ரிமைண்டருக்குப் பிறகு அதுவும் நடந்தது. சிறப்பாசிரியர் வேண்டும் என்பது அடுத்த மனு. பையன் ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கவில்லை, வாங்கப் போவதுமில்லை. சயின்ஸில் 17 வாங்கிக்கொண்டிருந்தவன் 41 வாங்கியிருக்கிறான். தமிழ் டீச்சர் அவனை உரக்க வாசிக்கச் சொல்வதில்லை, பக்கத்தில் உட்காரவைத்து மெல்லக் கேட்கிறார். திங்கட்கிழமை வயிற்றுவலி இரண்டு மாசமாக லீவில் இருக்கிறது. யாரோ அந்த ரெண்டெழுத்துப் பெயரைச் சொன்னதற்கு, "எனக்கு அது பேரில்ல" என்று திரும்பச் சொல்லிவிட்டு வந்தானாம். வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் அவனோடு நின்றிருந்தேன். இப்போதெல்லாம் பஸ் நெற்றியில் போர்டுக்குப் பதில் லைட் எழுத்து ஓடுகிறதே, நமக்கே படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"அங்கிள், எல்லாருக்கும்தான் இதைப் படிக்க முடியல. இதுக்கும் எக்ஸ்ட்ரா டைம் கேட்டு ஒரு லெட்டர் எழுதிடலாமா?"

எழுதிவிட்டோம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு, இரண்டு காப்பி. கையெழுத்துப் போட்டது அவன்தான். ஓர் எழுத்துகூட ஆப்சென்ட் இல்லை.